ஹரிஹரன் சாருக்குச் சர்க்கரை இல்லாமல்

ஆவுடையப்பன் தன் குருவைவிட வயதில் மூத்தவர். ஆரம்பத்தில் இருவருக்குமே அது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பிறகு அவர் 'டீச்சர்' என்றும் அந்த அம்மாள் 'அண்ணாச்சி' என்றும் அழைத்துக்கொள்வது என்று ஆகிவிட்டது.

டீச்சரின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடியில் ஐஸ் பாக்டரிக்கு எதிரே, மாடி வீட்டில் தனியாக இருந்தாள். ஆங்கிலத்தில் கதைகள் எழுதுகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் அவளிடம் கதை எழுதப் பழக வந்தார்கள். அவர்களில் தலை நரைத்தவர் ஆவுடையப்பன் ஒருவர்தான். ஒரு கப்பல் ஏஜென்சியில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுவது அவர் வேலை. முப்பது வருடமாக அதைத்தான் செய்துவந்தார்.

அன்று ஞாயிறு இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு அவர் கதவைத் தட்டினார்.

"என்ன அண்ணாச்சி, ஆபீஸ் இல்லையா?"

"லீவு சொல்லிட்டு வந்துட்டேன் டீச்சர். இன்னைக்கு ஆறு மணிக்குள்ள கதையை அனுப்பணும்."

"அனுப்புங்க."

"அனுப்ப முடியலை."

பெங்களூரில் ஒரு பதிப்பகம் ஆங்கிலச் சிறுகதைத் தொகுப்பு ஒன்று கொண்டுவருகிறது. அவருடைய கதையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சில வாக்கியங்கள் மட்டும் கோணலாக இருக்கின்றன, சரிசெய்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். கெடு இன்றோடு முடிகிறது.

"ஒரு மாசமாச் சரிசெய்யுதேன். ஒண்ணை நிமித்துனா பக்கத்துல இருக்கிறது கோணுது. இன்னைக்கு அனுப்பலைன்னா என் கதை இல்லாமலே புஸ்தகம் வந்துரும். அது போகட்டும்னு விடவும் முடியலை. இந்த ஒரு கதையை மட்டும் விட முடியலை."

அது ஏன் என்று டீச்சர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அதன் முதல் பாதியை அவர் வாசித்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். கணவன் மனைவியை ஆட்டோவில் வீட்டுக்கு அழைத்து வருகிறான். அவ்வளவுதான் கதை. ஆவுடையப்பனின் மனைவி பகவதி இறந்தது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

"எந்த இடத்துல நிக்குது?"

"ரயில்வே கேட்டுல."

ஒரு மாதமாக அந்த ஆட்டோ கேட்டைத் தாண்டவில்லை.

"வாசிங்க."

அவர் மடிக்கணினியைத் திறந்தார். முதலில் எழுதியதை வாசித்தார். அந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: 'கேட் மூடியிருந்தது, கேட்டுக்கு அவன் நன்றி உள்ளவனாக ஆகிப்போனான்.'

டீச்சர் சிரித்துவிட்டாள்.

ஆவுடையப்பனின் காது சிவந்தது. "கோணல்தான். எனக்கே தெரியுது. அதான் திருத்தினேன்."

"திருத்தினதை வாசிங்க."

'ரயில்வே கடவுப்பாதை மூடப்பட்டிருந்ததன் காரணமாக ஏற்பட்ட தாமதமானது அவருக்கு ஒருவித மனநிறைவை அளித்தது.'

இப்போது டீச்சர் சிரிக்கவில்லை.

"இதுல தப்பு இருக்கா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"இல்ல."

"அப்ப இதையே அனுப்பிரட்டுமா?"

"வாசிச்சுட்டு உங்களுக்கு எப்படி இருந்துது?"

"யாரும் சிரிப்பாங்களோங்கிற பயம் போச்சு. ஆனா அவளும் போயிட்டா. ஆட்டோவுல யாருமே இல்லாத மாதிரி இருக்கு."

எதிரே ஐஸ் பாக்டரியில் கட்டிகளை உடைக்கிற சத்தம் கேட்டது.

"திருத்தும்போது என்ன செய்வீங்க அண்ணாச்சி? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"எழுதுவேன். மனசுக்குள்ள ஒரு தடவை வாசிப்பேன். அசிங்கமா தோணும். அடிச்சுருவேன்."

"யாருக்கு அசிங்கமா தோணும்?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கா?"

டீச்சர் எழுந்து அடுக்களைக்குப் போனாள். திரும்பி வந்தபோது தட்டில் மூன்று டம்ளர் காப்பி இருந்தது. ஒன்றை அவரிடம் கொடுத்தாள். ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டாள்.

"வேற யாரும் வாராங்களா டீச்சர்?"

"வந்திருக்காரே. உங்க கூடத்தான் வந்தாரு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாராரு. நீங்க வாசிக்கும்போதெல்லாம் பின்னால திரும்பிப் பாக்கீங்க. அவரு பேரு என்ன?"

ஆவுடையப்பன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"ஹரிஹரன் சார்."

"அவருக்குச் சர்க்கரை போடலாமா?"

"வேண்டாம், அவருக்குச் சுகர் உண்டு" என்றார் ஆவுடையப்பன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

டீச்சர் முகத்தில் சிரிப்பே இல்லை. "நல்லவேளை, இன்னும் போடலை" என்றாள்.

ஹரிஹரன் சார் அவருடைய முதல் மேனேஜர். சிவப்புப் பென்சில் வைத்திருப்பார். ஆவுடையப்பன் எழுதிக் கொண்டுபோகிற கடிதத்தில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, டைப்பிஸ்டுகள் இருக்கிற கூடத்துக்கே வந்து, எல்லோரும் கேட்க வாசிப்பார். வாசித்துவிட்டு, "ஏ ஆவுடை, இது இங்கிலீஷா, இல்ல உங்க வீட்டுப் புளிக்கொழம்பா?" என்பார். கூடமே சிரிக்கும். ஆவுடையப்பனும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

"இருக்காரா?"

"செத்துப்போயி ரொம்ப நாளாச்சு. நான்தான் மாலை வாங்கிட்டுப் போனேன். கெட்ட மனுஷன் இல்ல டீச்சர். வேலை போட்டுக் கொடுத்தவரு. அவர்கிட்டதான் இங்கிலீஷ் கத்துக்கிட்டேன்."

"எதுக்குக் கத்துக்கிட்டீங்க?"

"கப்பலுக்கு லெட்டர் எழுத."

"கப்பலெல்லாம் போய்ச் சேந்துதா?"

"சேந்துது."

"அப்ப அவரு சரியாத்தான் சொல்லிக் கொடுத்திருக்காரு."

அவள் மூன்றாவது டம்ளரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுத்துவிட்டு, இருக்கையைக் கையால் தட்டித் துடைத்தாள். கைப்பிடிச் சுவரில் டம்ளரை வைத்தாள்.

"சார், செத்த நேரம் இப்படிக் காத்தாட இருங்க. கப்பல் தெரியும், பாத்துக்கிட்டிருங்க. இவரை நான் அனுப்பி வைக்கேன்."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

ஆவுடையப்பன் சிரித்தார். டீச்சர் வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு கொஞ்சம் நீண்டுபோய், கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

"லேப்டாப்பை மூடுங்க. கேட் போட்டிருந்தாங்க. அப்புறம்?"

"இங்கிலீஷ்லயா?"

"வாயில எப்படி வருதோ அப்படி."

அவர் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆட்டோக்காரர்கிட்ட மெதுவாப் போங்கன்னேன். அவரும் மெதுவாத்தான் போனாரு. ஆனா ரோடு அப்படி. ஒவ்வொரு குழிக்கும் அவ என் கையைப் புடிப்பா. சத்தம் போட மாட்டா. புடிக்கிற புடியிலதான் தெரியும். கேட் போட்டிருந்துது. வண்டி நின்னுச்சு. அவ கையை விட்டா."

நிறுத்தினார்.

"சரக்கு வண்டி. பெட்டி பெட்டியா போய்க்கிட்டே இருக்கு. பின்னால எல்லாவனும் ஹார்ன் அடிக்கான். எனக்கு அது முடியக்கூடாதுன்னு இருந்துது டீச்சர்."

கதையில் வரும் கணவனின் பெயர் வேறு. 'அவன்' என்று சொல்லவேண்டிய இடத்தில் அவர் 'நான்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் அதைத் திருத்தவில்லை.

"இப்போ இதையே இங்கிலீஷ்ல எனக்குச் சொல்லுங்க. எனக்கு மட்டும்."

அவர் சொன்னார். சின்னச் சின்ன வாக்கியங்கள். வண்டி நின்றது. அவள் கையை விட்டாள். சரக்கு ரயில் நீளமாக இருந்தது. அது இன்னும் நீளமாக இருந்தால் தேவலை என்று அவன் நினைத்தான்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். "இவ்வளவுதானா?"

"வேற ஏதும் நடந்துதா?"

"இல்ல."

"அப்ப இவ்வளவுதான். எழுதுங்க."

எழுதினார். நன்றி, மனநிறைவு, தாமதம் எல்லாம் போயின. பெங்களூர்க்காரர்கள் குறித்துக் கொடுத்த மற்ற இடங்களுக்கு வந்தார். ஒவ்வொன்றிலும் டீச்சர் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "என்ன நடந்துது?" அவர் சொன்னார், எழுதினார். ஓரிடத்தில் சொல்ல ஒன்றுமே இல்லை. அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துவிட்டார். இன்னோரிடத்தில் எழுதியிருந்தது நடந்ததுபோலவேதான் இருந்தது. பதிப்பகம் அதன் கீழே கோடு போட்டிருந்தாலும் விட்டுவிட்டார். விட்டுவிட்டு டீச்சரைப் பார்த்தார். அவள் காப்பி டம்ளரின் அடியில் தங்கிய நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பக்கம் வந்தபோது வெயில் தணிந்திருந்தது. ஒரு மாதத்து வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்திருந்தது. ஆவுடையப்பன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

"டீச்சர்."

"ம்."

"ஒரே ஒரு தடவை அவர்கிட்ட காட்டிரட்டுமா?"

"தாராளமா காட்டுங்க. பாவம், எம்புட்டு நேரமா உக்காந்திருக்காரு. ஆனா அனுப்பின பிறகு காட்டுங்க."

அவர் அனுப்பினார். போய்விட்டது என்று திரையில் வந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு நீளமாக வந்தது. நெஞ்சுக்குள் எதையோ வெகு நாளாகத் தாங்கிப் பிடித்திருந்த கை வலிக்கிறது என்பதே, அதை இறக்கிவைத்த பிறகுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஐயையோ டீச்சர்."

"என்ன?"

"கடைசிக்கு முந்தின பாராவுல ஒரு வரி. அதைப் பாக்க மறந்துட்டேன். அது இன்னும் கோணலாத்தான் இருக்கு."

"அப்படியா?"

"படு கோணல். வாசிக்கவங்க சிரிப்பாங்க."

"சிரிச்சாலும் சிரிப்பாங்க" என்றாள் ஜெசிந்தா. டம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்தபடியே கேட்டாள். "அந்தம்மா வீட்டுக்கு வந்து சேந்துட்டாங்களா?"

ஆவுடையப்பன் யோசித்தார். கேட்டைத் தாண்டி, தெருவுக்குள் திரும்பி, வாசல்படி வரைக்கும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"சேந்துட்டா டீச்சர்."

"அப்பச் சரி, அண்ணாச்சி."