பதினாலாம் தேதித் தொதல்

"சாக்லேட் சேர்க்காத இனிப்பு ஒண்ணு எனக்குக் கத்துத் தரணும் பாய். பத்து நாள்தான் இருக்கு."

கேட்டவர் அறவாழி. வயது ஐம்பத்தாறு. அரசாங்கத்தில் நில அளவையர்.

கேட்கப்பட்டவர் சீனி நெய்னா. வயது முப்பத்தொன்று. கடலோரத்து அந்தச் சின்ன ஊரில் கொட்டகை போட்டுத் தொதல் கிண்டுகிறவர்.

அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் விறகடுப்பில் ஏற்றி, மூன்று நான்கு மணி நேரம் கை விடாமல் கிண்டினால் வருவது தொதல். நெய்னாவுக்குப் பெயரில்தான் சீனி. சட்டியில் விழுவது கருப்பட்டி மட்டும்.

"பத்து நாள்ல என்ன சார் விசேஷம்?"

"பதினாலாம் தேதி."

"பதினாலாம் தேதி என்ன?"

அறவாழி கொட்டகைக் கூரையைப் பார்த்தார்.

"பிப்ரவரி பதினாலு பாய்."

"ஓ" என்றார் நெய்னா. அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். "யாருக்கு?"

"தபாலாபீஸ் மேடத்துக்கு."

அறவாழியின் மனைவி இறந்து ஒன்பது வருடம். மூன்று வருடத்துக்கு முன்னால் மங்கையர்க்கரசி அந்த ஊர்த் தபால் அலுவலகத்துக்குத் தலைமை அலுவலராக மாற்றலாகி வந்தார். ஐம்பத்திரண்டு வயது. தம்பி தங்கைகளைக் கரையேற்றியதில் தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ள நேரமில்லாமல் போனவர். யாராவது படிவத்தைத் தப்பாக நிரப்பினால் திட்டமாட்டார். பேனாவைத் திருப்பிப் பிடித்து, எந்த இடம் என்று காட்டுவார்.

அந்தப் பேனாவைப் பார்த்த நாளிலிருந்து அறவாழி தபால் அனுப்பத் தொடங்கினார். காரைக்குடிச் சித்தப்பாவுக்கு மாதம் நாலு பதிவுத் தபால். சித்தப்பா பயந்துபோய், "சொத்துல ஏதும் வில்லங்கமாப்பா?" என்று போன் செய்தார்.

புதுவருடத்தன்று அறவாழி துணிந்து ஒரு சாக்லேட் பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தார். மங்கையர்க்கரசி திறந்து பார்த்தார். மூடினார். மெல்லத் திருப்பி நகர்த்தினார்.

"எனக்கு இது ஒத்துக்காதுங்க. ஒண்ணு தின்னாலும் தலைவலி பிடிச்சுக்கும்."

"அன்னையிலிருந்து ஒரே சந்தேகம் பாய்" என்றார் அறவாழி. "அவங்களுக்கு ஒத்துக்காதது சாக்லேட்டா, நானா?"

"அதுக்கு நீங்க ஏன் தொதல் கிண்டணும்? வாயைத் திறந்து கேட்டுடலாமே."

"வாயைத் திறந்தா 'அஞ்சு ரூபா ஸ்டாம்பு'ன்னுதான் வருது."

"என்கிட்ட வாங்கியாவது கொடுக்கலாமே."

"சாக்லேட்டையும் வாங்கித்தானே கொடுத்தேன்."

நெய்னா அவரை ஏற இறங்கப் பார்த்தார். சுவரில் சாத்தியிருந்த மரத்துடுப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"கிண்டுங்க."



அறவாழி பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'பயிற்சி' என்று போட்டார்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு வந்துவிட்டார். கையில் குறிப்பேடு, சட்டைப் பையில் இரண்டு பேனா.

"தேங்காய் எத்தனை பாய்?"

"பாலுக்குத் தக்க."

"பால் எவ்வளவு?"

"மாவு கேக்கிற அளவு."

"மாவு எவ்வளவு கேக்கும்?"

"அரிசியைப் பொறுத்தது."

அறவாழி குறிப்பேட்டில் எழுதியதை அடித்தார்.

"சரி, எத்தனை நிமிஷம் கிண்டணும்? அதையாவது சொல்லுங்க."

நெய்னா அவர் மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினார். அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார்.

"இப்பக் கிண்டுங்க."



இரண்டாம் நாள், கருப்பட்டிப் பாகு ஊற்றியதும் நிறம் மாறியது. அதைக் குறித்து வைக்க அறவாழி துடுப்பை விட்டார். இரண்டே வரிதான் எழுதினார்.

சட்டி அடிப்பிடித்துவிட்டது.

நெய்னா தேங்காய் நாரை எடுத்துக் கொடுத்துச் சட்டியைக் காட்டினார். தேய்த்து முடிக்க மதியம் ஆனது.

மறுநாள் காலையில் அடுப்பு சரியாகப் பிடிக்கவில்லை. நெய்னா சுற்றுமுற்றும் பார்த்தார். குறிப்பேட்டை எடுத்து விசிறினார். தீ நன்றாகப் பிடித்தது.

"இதுக்கு உதவுது" என்றார்.

அதன் பிறகு அறவாழி குறிப்பேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்.



நாலாம் நாள் அவசரப்பட்டு இறக்கினார். தொதல் கூழாக ஓடியது.

ஐந்தாம் நாள் பயந்துபோய் இறக்காமலே கிண்டினார். ஆறியதும் கத்தி இறங்கவில்லை. நெய்னா தட்டிப் பார்த்தார்.

"சார், இதை எடுத்துட்டுப் போய் எல்லைக்கல்லா நட்டுடுங்க. நூறு வருஷம் நிக்கும்."

அறவாழிக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனால் சிரித்துவிட்டார். இருவரும் அந்தக் கல்லை உடைத்துச் சாப்பிட்டார்கள்.

"இறக்குற நேரத்தை எப்படிப் பாய் கண்டுபிடிக்கிறது?"

"விடுறப்ப இறக்கணும்."

"எது விடுறப்ப?"

நெய்னா வாயில் இருந்த துண்டைக் காட்டி, மென்று முடியட்டும் என்று கையசைத்தார். மென்று முடித்தபோது கேள்வி மறந்துவிட்டவர்போல எழுந்து போனார்.



ஏழாம் நாள் அது நடந்தது.

மூன்று மணி நேரமாகச் சட்டியை இறுகப் பற்றிக்கொண்டிருந்த களி, மெல்ல விளிம்பை விட்டு நகர்ந்தது. ஓரத்தில் பொன்னிறமாக எண்ணெய் மினுங்கியது. துடுப்பு போன பக்கமெல்லாம் மொத்தமும் சுருண்டு வந்தது. சட்டியில் ஒரு துளி ஒட்டவில்லை.

"பாய்! எண்ணெய் வருது! நாம எண்ணெயே ஊத்தலையே!"

"ஊத்தலை."

"அப்ப எங்கேயிருந்து வருது?"

"காலையில தேங்கா உடைச்சீங்களே, அதுல பாத்தீங்களா?"

"இல்லை."

"பால் பிழிஞ்சப்ப?"

"இல்லை."

"கொதிச்சப்ப?"

"அப்பவும் இல்லை. எங்க இருந்துச்சு பாய்?"

"வலது கை வலிச்சா இடது கைக்கு மாத்திக்குங்க சார்" என்றார் நெய்னா.

அறவாழி கையை மாற்றிக்கொண்டார்.

தட்டில் பரப்பி ஆறவைத்தபோதுதான் இன்னொன்றைக் கவனித்தார். முகம் வாடிவிட்டது.

"பாய், பாக்குறதுக்கு அச்சு அசல் சாக்லேட் மாதிரியே கறுப்பா இருக்கே. அவங்க பாத்ததும் தள்ளிடுவாங்களே."

"மேடத்துக்கு மூக்கு இருக்குல்ல?"

"இருக்கு." அறவாழி கொஞ்சம் யோசித்தார். "நல்ல மூக்கு."

"அப்ப என்ன கவலை?"



பதின்மூன்றாம் தேதி கிண்டியதுதான் கொடுக்கப்போகிற தொதல். ஏலக்காயும் முந்திரியும் போட்டு இறக்கினார். ஆறியதும் நூல் பிடித்ததுபோலச் சதுரம் சதுரமாக வெட்டினார். அளவையர் கை அது. ஒரு துண்டை நெய்னாவிடம் நீட்டினார்.

நெய்னா சாப்பிட்டார்.

"எப்படி இருக்கு பாய்?"

நெய்னா விரலை நக்கினார்.

"குறை இருந்தா சொல்லிடுங்க. மனசுல வச்சுக்காதீங்க."

"இன்னொரு துண்டு குடுங்க."

அறவாழி கொடுத்தார். அதையும் தின்றுவிட்டு நெய்னா கை கழுவப் போனார்.

"பாய், நான் ஒண்ணு யோசிச்சேன்" என்றார் அறவாழி பின்னாலேயே போய். "இன்னும் கொஞ்ச நாள் பழகினா இதைவிட நல்லா வரும். இந்த வருஷம் விட்டுடுவோம். அடுத்த வருஷம் பதினாலாம் தேதி—"

நெய்னா ஈரக் கையோடு அவரிடமிருந்த துடுப்பை வாங்கினார். கொட்டகையின் உயரமான விட்டத்தில், ஏணி வைத்தால்தான் எட்டும் இடத்தில் செருகினார்.

இறங்கி வந்து அடுப்பை அணைத்தார்.

"நாளைக்குக் கடை லீவு சார்."



பதினாலாம் தேதி பதினோரு மணி. தபால் அலுவலகத்தில் வரிசை. அறவாழிக்குப் பின்னால் சேமிப்புப் புத்தகத்தோடு ஒரு அம்மாள், அவருக்குப் பின்னால் கல்லூரிப் பெண்கள் இருவர்.

அறவாழி நான்கு வாக்கியங்கள் தயார் செய்திருந்தார். வரிசை நகர நகர ஒவ்வொன்றாக மறந்தது. முகப்புக்கு வந்தபோது கையில் பெட்டி மட்டும் மிச்சம்.

"வாங்க. காரைக்குடியா?" என்றார் மங்கையர்க்கரசி.

அறவாழி பெட்டியை வைத்தார்.

"பார்சல்" என்றது வாய்.

"முகவரி எழுதலையே."

பேனாவைத் திருப்பிப் பிடித்து, எழுத வேண்டிய இடத்தைக் காட்டினார். அந்தப் பேனாவைப் பார்த்ததும் அறவாழிக்கு உலகத்தில் ஒரே ஒரு முகவரிதான் நினைவுக்கு வந்தது. அதையே எழுதினார். கீழே, அனுப்புநர் என்ற இடத்திலும் அதையே எழுதினார்.

மங்கையர்க்கரசி மேலே வாசித்தார். கீழே வாசித்தார். மறுபடி மேலே வாசித்தார்.

"பெறுநரும் நீங்களே, அனுப்புநரும் நீங்களேயா?"

"ஆமாங்க. அப்படி அமைஞ்சுபோச்சு."

"உள்ள என்ன இருக்கு?"

"தொதல்."

"எங்க வாங்கினீங்க?"

"வாங்கலைங்க. நானே கிண்டினது." அறவாழி பெட்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். "சாக்லேட் இல்லாதது."

மங்கையர்க்கரசி பெட்டியைக் கையில் எடுத்தார். எடைத் தட்டில் வைப்பதற்கு முன், மூக்கருகே ஒரு கணம் கொண்டுபோனார். அப்புறம் வைத்தார். முத்திரை குத்தினார்.

"சார், முடிஞ்சுதுன்னா கொஞ்சம் நகருங்க" என்றார் பின்னால் நின்ற அம்மாள்.



நெய்னா கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தார். அறவாழி வந்து எதிரே பொத்தென்று அமர்ந்தார்.

"நானே எனக்கு அனுப்பிட்டேன் பாய்."

"என்னத்தை?"

"தொதலை."

நடந்ததைச் சொன்னார். நெய்னா சிரிக்கப் போனார். அறவாழியின் கையைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார். துடுப்புப் பிடித்துப் பிடித்து இரண்டு உள்ளங்கையும் காய்த்திருந்தன.

"பத்து நாள் பாய். நாப்பது மணி நேரம். நாலு வார்த்தை வரலை. இப்ப என்ன செய்ய?"

"வீட்டுக்குப் போங்க."

"போய்?"

"பார்சல் வர்றப்ப வீட்டுல ஆள் இருக்கணும்ல."

"அது நாளைக்குத்தானே வரும்?"

"போங்க சார்" என்றார் நெய்னா.

அறவாழி போனார். போகிற வழியில் என்ன நினைத்தாரோ, முடி வெட்டிக்கொண்டு போனார். வீட்டைக் கூட்டினார். வாசலில் கிடந்த பழைய செருப்புகளை எடுத்து உள்ளே வைத்தார். வேட்டி மாற்றினார். ஏன் இதையெல்லாம் செய்கிறோம் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பாலைக் காய்ச்சி வைத்தார்.

மாலை ஐந்தரை. படலைத் திறக்கிற சத்தம் கேட்டது.

மங்கையர்க்கரசி நின்றுகொண்டிருந்தார். கையில் குடை. மற்றக் கையில் பெட்டி.

"அறவாழிங்கிறது?" என்றார் அலுவலகக் குரலில்.

"நான்தாங்க."

"கையெழுத்துப் போடுங்க."

தாளை நீட்டினார். பேனாவைத் திருப்பிப் பிடித்து இடத்தைக் காட்டினார். அறவாழி போட்டார். பெட்டி கை மாறியது.

மங்கையர்க்கரசி தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். குடையைச் சுருக்கினார். போகவில்லை.

தொதலில் வந்த எண்ணெய் முதலிலிருந்தே உள்ளேதான் இருந்தது என்று திடீரென்று அறவாழிக்கு விளங்கியது.

"நீங்களே ஏன் வந்தீங்க?" என்று கேட்டார். குரல் நன்றாகவே வந்தது. "தபால்காரர் இல்லையா?"

"இருக்காரு. அவர் இந்தத் தெருவுக்கு நாளைக்குத்தான் வருவாரு."

மங்கையர்க்கரசி வாசற்படியில் ஒரு காலை வைத்தார்.

"நாளைக்குப் பதினஞ்சாம் தேதிங்க."