நாய்களுக்கு வீடு பார்த்த கழுதை

காட்டின் ஓரத்தில், பாழடைந்த செங்கல் சூளை ஒன்றில், கனகு என்ற கழுதை நாய்களைக் காப்பாற்றி வந்தாள்.

ஊரிலிருந்து காட்டுக்கு ஒரு மண் பாதை வரும். நாய் சலித்துப் போன மனிதர்கள் அந்தப் பாதை முடிகிற இடத்தில் அதை இறக்கிவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். நாய் கொஞ்ச தூரம் வண்டிக்குப் பின்னால் ஓடும். பிறகு பாதையிலேயே உட்கார்ந்து காத்திருக்கும். கனகு போய் அதைச் சூளைக்குக் கூட்டி வருவாள்.

அவளும் மணல் சுமந்து இடுப்பு போன பிறகு அதே பாதையில் விடப்பட்டவள்தான். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. பேசினால் அழுகை வரும். கழுதை அழ ஆரம்பித்தால் காட்டில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

அவளுக்கு உதவியாக வரதன் என்ற நரி இருந்தான். ரொம்பப் பொய் சொல்கிறான் என்று அவனுடைய கூட்டமே அவனைத் துரத்தியிருந்தது. நரிகளாலேயே பொறுக்க முடியாத பொய் என்றால் எப்படிப்பட்ட பொய் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் நாய்களுக்குப் பேன் பார்ப்பான், புண்ணை நக்கி ஆற்றுவான். கனகு அவனை வைத்துக்கொண்டாள்.

சூளையில் நாய்கள் பெருகின. குரைப்பும் பெருகியது. ஒருநாள் காட்டுப் பன்றிகளின் தலைவர் மருதப்பன் வந்து நின்றார். தன் கூட்டத்தில் யாருக்கும் தூக்கமில்லை என்றார். மழை தொடங்குவதற்குள் சூளை காலியாக வேண்டும், இல்லாவிட்டால் எல்லா நாய்களையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிறுத்தை இருந்தது. சிறுத்தைக்கு நாய் என்றால் உயிர். நாய்க்குத்தான் உயிர் போகும்.

கனகு கலங்கிப் போனாள். வரதன் மட்டும் உற்சாகமாக மீசையை நீவிக்கொண்டான். எல்லாருக்கும் காட்டுக்குள்ளேயே வீடு பார்த்துவிடலாம் என்றான். பேச வேண்டியதைத் தான் பேசிக்கொள்வதாகவும், கனகு வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்றால் போதும் என்றும் சொன்னான்.

முதலில் காட்டுக்கோழி வந்தாள். கீரி வந்து முட்டையைத் திருடுகிறது, காவலுக்கு ஆள் வேண்டும் என்றாள்.

வரதன் பூபதி என்ற நாயை அழைத்து வந்து நிறுத்தினான். பூபதி கன்றுக்குட்டி அளவு இருப்பான். தலை பானை மாதிரி இருக்கும். ஆனால் காய்ந்த இலை விழுந்தாலே நடுங்குவான். அவனை வளர்த்தவர் திருடனைப் பிடிக்கத்தான் அவனை வாங்கினார். திருடன் வந்தபோது பூபதி கட்டிலுக்கு அடியில் இருந்தான். மறுநாள் மண் பாதையில் இருந்தான்.

"புலியோடு மல்லுக்கட்டி ஜெயித்தவன்" என்றான் வரதன். "புலியின் பெயரைச் சொல்ல வேண்டாம். அதற்கு மானம் போய்விடும்."

கோழி வாயைப் பிளந்தாள். பூபதி கனகுவைப் பார்த்தான். கனகு வானத்தைப் பார்த்தாள். மேற்கே மேகம் கறுத்திருந்தது.

அடுத்து ஆந்தை வந்தான். பகலெல்லாம் தூங்குகிறவன் அவன். சத்தமில்லாத துணை தேவை என்றான். வரதன் அவனிடம் ஜிலேபியைக் கொடுத்தான். ஜிலேபி என்ற அந்தக் குட்டை நாய் கண் விழித்தது முதல் கண் மூடும்வரை குரைப்பாள். வாயில் சோறு இருக்கும்போதுகூட மூக்கால் குரைப்பாள். அவள் மௌன விரதம் இருப்பவள் என்று வரதன் சொன்னான். சரியாக அந்த நேரம் பார்த்து அவளுக்கு விக்கல். ஆந்தை நம்பிவிட்டான்.

முள்ளம்பன்றியிடம் குழியப்பன் என்ற நாய் போனான். பார்க்கிற இடத்தையெல்லாம் தோண்டுகிறவன் அவன். வளையைப் பழுது பார்ப்பதில் இவனைப் போல் கைதேர்ந்தவன் கிடையாது என்று வரதன் அடித்துவிட்டான்.

இப்படியே மற்ற நாய்களும் போயின. போகும்போது ஒவ்வொன்றின் கழுத்திலும் வரதன் ஒரு பூமாலை போட்டான். ஒரு சொற்பொழிவும் ஆற்றினான். அதில் நாயைப் பற்றிக் கொஞ்சமும் தன்னைப் பற்றி நிறையவும் இருந்தது. சாயங்காலம் சூளை காலி. காடே வரதனை மெச்சியது. வரதன் கூச்சப்படுகிறவன் போல நடித்தான், அதையும் நன்றாகவே நடித்தான்.

அந்த வாரம் முடிவதற்குள் எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

கழுத்தில் போட்ட பூமாலை இன்னும் முழுதாக வாடவில்லை. ஆந்தை கண் சிவந்து, ஜிலேபியை முன்னால் நடக்க விட்டு, கிளைக்குக் கிளை மோதிக்கொண்டு வந்தான். தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. முள்ளம்பன்றியின் முதுகெல்லாம் மண். அவனுடைய வளையின் கூரை அவன் மேலேயே இறங்கியிருந்தது.

கடைசியாகக் காட்டுக்கோழி வந்தாள். அவள் கத்தவில்லை. விடிகாலையில் கீரி வந்தது என்றும், பூபதி தன் சிறகுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டான் என்றும், கூட்டில் இப்போது ஒரு முட்டைகூட இல்லை என்றும் சொன்னாள்.

"இவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். நடுங்கிக்கொண்டேதான் என் பக்கத்தில் இருந்தான், ஓடிப் போகவில்லை. ஆனால் கனகு, நீ பக்கத்தில்தானே நின்றாய்? உனக்குத் தெரியும்தானே?"

கனகு தலையைத் தொங்கப் போட்டாள். கோழி போய்விட்டாள்.

பூபதி சூளைச் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டான். சோறு வைத்தும் திரும்பவில்லை. கனகு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய இடுப்புக்கு உட்காருவது சாதாரண காரியமில்லை.

"நான் வீரன் என்று எப்போதாவது சொன்னேனா அக்கா?" என்றான் பூபதி. "முன்பு இருந்த வீட்டிலும் அவர்களாகத்தான் முடிவு பண்ணினார்கள். பிறகு அவர்களாகவே கோபித்துக்கொண்டார்கள்."

கனகு எழுந்தாள்.

வரதன் அதற்குள் அடுத்த திட்டத்தோடு வந்தான். ஆந்தை போனால் என்ன, வௌவால் இருக்கிறது என்றான். இனிமேல் நீ வாயே திறக்க வேண்டாம் என்று கனகு சொல்லிவிட்டாள். தோட்டத்துப் பலாப்பழம் அழுகிப் போனதைப் பார்க்கிற மாதிரி அவன் முகம் ஆனது.

அவள் காட்டுக்குள் நடந்தாள். ஒவ்வொரு புதருக்கும் ஒவ்வொரு மரத்தடிக்கும் போனாள். நாயைப் பற்றிய நல்லதை அவள் சொல்லவே இல்லை. குறையைத்தான் முதலில் சொன்னாள். ஓயாமல் குரைப்பாள், வேண்டுமா? நிற்கிற தரையையே தோண்டிவிடுவான், வேண்டுமா? பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றார்கள். சிலர் சிரித்தார்கள். இப்படி வியாபாரம் பண்ணுகிறவளைப் பார்த்ததே இல்லை என்று ஒரு குரங்கு தன் குடும்பத்தையே கூப்பிட்டுக் காட்டியது.

குட்டையில் ஒரு கிழட்டு எருமை படுத்திருந்தாள். மந்தை அவளை விட்டுவிட்டுப் போயிருந்தது. காது முக்கால்வாசி செவிடு. ஜிலேபியோடு வந்த கனகு விஷயத்தைச் சொன்னாள். எருமை "என்னது?" என்றாள். கனகு கத்தினாள். எருமை மறுபடியும் "என்னது?" என்றாள். ஜிலேபிக்குப் பொறுமை போய்விட்டது. எருமையின் காதருகே போய் ஒரே மூச்சில் குரைத்துத் தள்ளினாள்.

எருமை அசையாமல் இருந்தாள். பிறகு கண்ணைத் துடைப்பதற்காகத் தலையைத் தண்ணீருக்குள் முக்கி எடுத்தாள்.

"இவள் பேசுவது எனக்குக் கேட்கிறது" என்றாள். "இருக்கட்டும். பேசட்டும்."

குழியப்பனை யாருமே கேட்கவில்லை. கடைசியில் கனகு அவனைக் கூட்டிக்கொண்டு மருதப்பனிடமே போனாள். நாள் முழுக்கத் தோண்டுவான், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டான் என்று சொன்னாள். பன்றித் தலைவர் முதலில் உறுமினார். அப்புறம் கூட்டத்தார் யாரும் இல்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்தார். தன் கொம்புப் பல் ஆடுகிறது என்றும், கிழங்கு தோண்டி வெகு நாளாயிற்று என்றும், தலைவர் பட்டினி என்று வெளியே தெரிந்தால் மரியாதையாக இருக்காது என்றும் மெல்லச் சொன்னார். குழியப்பன் அதற்குள் அவர் காலடியில் ஒரு கிழங்கை எடுத்துப் போட்டிருந்தான்.

மற்ற நாய்களுக்கும் ஒவ்வொரு இடமாக அமைந்தது. வரதனுக்குக்கூட ஒரு மயில் வந்தான். கனகு நேர்மையாகவே சொன்னாள். இவன் வாயில் உண்மை வராது, சந்தர்ப்பம் கிடைத்தால் உன்னையும் தின்பான் என்றாள். மயில், தான் மேல் கிளையில்தான் இருப்பதாகவும், தன் குரல் இனிமையானது என்று தினமும் சொல்வதற்கு உண்மை பேசுகிறவர்கள் யாரும் முன்வரவில்லை என்றும் சொன்னான். வரதன் கண்ணை மூடித் தலையாட்டி ரசித்துக் காட்டினான். விஷயம் முடிந்தது.

பூபதி மட்டும் மிச்சமிருந்தான். காற்றில் ஈர மண் வாசனை வந்துவிட்டது. கனகு அவனை முயல்கள் இருக்கிற புல்வெளிக்குக் கூட்டிப் போனாள். பூபதி அவள் பின்னால் ஒளிந்துகொண்டான். அதாவது, ஒளிந்துகொண்டதாக நினைத்துக்கொண்டான். இரண்டு பக்கமும் அவன் தெரிந்தான்.

"இவன் பயந்தாங்கொள்ளி" என்றாள் கனகு. "காவலுக்கு ஆக மாட்டான். ஆபத்து வந்தால் எல்லாருக்கும் முன்னால் ஓடுவான்."

முயல்கள் கூடிப் பேசின. பிறகு ஒரு பெண் முயல் முன்னால் வந்தாள்.

"எதைப் பார்த்தாலும் ஓடுவானா?"

"இலை விழுந்தாலும் ஓடுவான்."

"எங்களுக்கு அதுதான் வேண்டும்" என்றாள் முயல். "ஒரு சத்தம் கேட்டால் நாங்கள் ஓடலாமா, இருக்கலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அதற்குள் யாராவது ஒருவர் பலியாகிவிடுகிறார். இவ்வளவு பெரிய ஆள் ஓடினால் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவன் பயப்படட்டும், நாங்கள் பின்னாலேயே வருகிறோம்."

பூபதி மெல்ல வெளியே வந்தான். அவன் பயத்தை யாராவது கேட்டு வாங்கியது அதுதான் முதல் முறை.

மறுநாளே வானத்தில் ஒரு கழுகு வட்டமிட்டது. அதன் நிழல் புல்லில் விழுந்ததும் பூபதி அலறிக்கொண்டு ஓடினான். அத்தனை முயல்களும் அவன் பின்னால் ஓடின. கழுகு கீழே இறங்கியபோது அங்கே புல் மட்டும்தான் இருந்தது. முயல்கள் வளைக்குள் புகுந்து தலையை எண்ணிப் பார்த்தன. ஒரு குட்டிகூடக் குறையவில்லை. பூபதியும் உள்ளே நுழையப் பார்த்தான். பானைத் தலை மட்டும்தான் உள்ளே போயிற்று. மீதி முழுவதும் வெளியே நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த மீதியைத் தட்டிக்கொடுக்க முயல்கள் வேறு வழியாக வெளியே வந்தன.

மழை தொடங்கியபோது சூளை காலியாக இருந்தது. கனகு முதலில் காட்டுக்கோழியின் கூட்டுக்குப் போனாள். தெரிந்துகொண்டேதான் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று ஒப்புக்கொண்டாள். கோழி உடனே மன்னிக்கவில்லை. ஆனால் நனையாதே, இந்தப் பக்கம் தள்ளி நில் என்றாள். அங்கிருந்து கனகு புல்வெளிக்கு நடந்தாள். பூபதி மழையில் நான்கு காலையும் அகட்டி நின்றுகொண்டிருந்தான். இடி இடித்தபோதெல்லாம் உடம்பு உதறியது, ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை. அவன் வயிற்றுக்கு அடியில் முயல் குட்டிகள் நனையாமல் உட்கார்ந்து புல்லைக் கடித்துக்கொண்டிருந்தன.

குறையை மூடி வைத்துத் தேடிய இடம் ஒரு வாரம்கூடத் தாங்காது, குறையைக் கேட்ட பிறகும் வா என்று கூப்பிடுகிற இடமே வீடு.