ஏப்ப முரசு

முன்னொரு காலத்தில் மிளகுக்கோட்டை என்ற நாட்டைக் கண்டீரவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டதைக் காட்டிலும் உண்டதுதான் அதிகம். அந்த நாட்டில் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து ராஜா பெரிதாக ஓர் ஏப்பம் விடுவான். உடனே கோட்டை வாசலில் முரசு முழங்கும். அதைக் கேட்ட பிறகுதான் ஊரார் இலை போட்டு உட்காரலாம்.

ராஜாவோ ஊர் கொட்டாவி விடுகிற நேரத்தில்தான் சாப்பிடவே உட்காருவான். நெய் சொட்டும் வடை, மிளகு வறுவல், புளிக்குழம்பு, அதற்கு மேல் அதிரசம் என்று கழுத்து வரை ஏற்றிக்கொண்டு, கழுவிய கை காய்வதற்குள் ஊஞ்சலில் மல்லாந்துவிடுவான். அப்புறம் நெஞ்சு எரியாமல் என்ன செய்யும்?

ஒருநாள் சபையில் மார்பைத் தடவிக்கொண்டே, "எவனய்யா என் நெஞ்சில் தீ வைத்தது?" என்று உறுமினான்.

இதற்காகவே காத்திருந்தவர்போல் எழுந்தார் வல்லபராயர். ராஜாவின் இலைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கவளத்தையும் புகழ்வதுதான் அவர் உத்தியோகம். தலைமை அமைச்சர் நல்லதம்பியாரைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

"சமையற்காரன் சோமாசி சோற்றில் செய்வினை வைக்கிறான், மகாராஜா! அவனை இங்கே கொண்டுவந்து சேர்த்தது யார் என்று நான் சொல்ல மாட்டேன்" என்று அமைச்சரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சோமாசியை யானைக் காலில் போடுங்கள்!" என்றான் ராஜா.

நல்லதம்பியாருக்குப் பகீரென்றது. சோமாசி ஒரு வாயில்லாப் பூச்சி. தன் சிபாரிசால் அவன் உயிர் போவதா? எரிச்சலின் காரணமும் அவருக்குத் தெரியும். முரசுக்குக் காத்திருந்து, சாப்பிட்ட கையோடு படுத்து, அவர் நெஞ்சும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒருநாள் முரசடிக்க நேரமாகவே, பசி பொறுக்காமல் பாதி வயிற்றுக்குத் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். அன்றைக்கு எரிச்சலே இல்லை. ஆனால் ராஜாவிடம் யார் சொல்வது? 'கொஞ்சம் குறைத்துச் சாப்பிடலாமே' என்று சொன்ன அரண்மனை வைத்தியர் இப்போது குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்.

"தாராளமாகப் போடலாம், மகாராஜா" என்றார் நல்லதம்பியார். "ஆனால் விசாரிக்காமல் போட்டால் ஊர் ஒரு மாதிரி பேசும். சோமாசி ஒரே பானையில் சமைக்கட்டும். மகாராஜா வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில், அதே அளவு, ராயர் சாப்பிடட்டும். உடனே ராஜ ஊஞ்சலில் படுக்கட்டும். செய்வினை தெரிந்துவிடாதா?"

ராயருக்கு உள்ளூர ஒரே குஷி. எரிந்தால் சோமாசி தொலைவான். எரியாவிட்டால் ராஜபோகம்!

"நான் என்ன செய்ய?" என்றான் ராஜா.

"தாங்கள் நீதிபதி. சாட்சிப் பொருளை ருசி பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியுமா? அதே பானையிலிருந்துதான் தாங்களும் சாப்பிட வேண்டும். நம் கோட்டை வழக்கம் தாங்கள் அறியாததா? வழக்கு முடியும்வரை நீதிபதி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு எழ வேண்டும். நியாயம் உட்கார வயிற்றில் கொஞ்சம் இடம் விட வேண்டும். சாப்பிட்டதும் படுக்காமல், கோட்டைச் சுவரோரம் மெல்ல நடந்து வழக்கை யோசிக்க வேண்டும். தூங்கும்போதும் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கல் வைத்து உயர்த்த வேண்டும். நீதியின் தலை தாழலாமா?"

அப்படியொரு வழக்கம் அந்தக் கோட்டையில் கிடையவே கிடையாது. ஆனால் தெரியாது என்று சொல்ல ராஜாவுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "தெரியாமலென்ன? என் தாத்தா காலத்து வழக்கமாயிற்றே!" என்றான்.

விசாரணை தொடங்கியது. வெயில் இருக்கும்போதே ராஜா அளவாகச் சாப்பிட்டு எழுந்தான். முரசுக்காரன் ஏப்பத்துக்காக வாயைப் பார்த்துக்கொண்டே நின்றான். "எழுந்துவிட்டார், அடியப்பா!" என்றார் நல்லதம்பியார். ஊர் அன்றுதான் வெளிச்சத்தில் சாப்பிட்டது.

ஊர் அடங்கியதும் ராயரின் முறை. அவரைப் புகழ நல்லதம்பியாரே இலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். "ஆகா, ராயர் கடிப்பதற்கு அந்த வடை தவம் செய்திருக்க வேண்டும்! இன்னொன்று போடுங்கள்! புளிக்குழம்பு ஏங்குகிறது பாருங்கள்!" ராயருக்கு உச்சி குளிர்ந்தது. புகழப் புகழ உள்ளே தள்ளினார், ஊஞ்சலில் போய் விழுந்தார். இப்படியே சில நாள் போனது.

தீர்ப்பு நாளன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கரகரத்த தொண்டையோடு வந்தார் ராயர். "எரிகிறது, மகாராஜா! சோமாசி செய்வினைக்காரனேதான்!"

சோமாசி கைகூப்பியபடி நின்றான்.

"மகாராஜாவுக்கு எப்படி இருக்கிறது?" என்று பணிவாகக் கேட்டார் நல்லதம்பியார்.

ராஜா மார்பைத் தடவிப் பார்த்தான். "அட, எரியவில்லையே! எப்போது நின்றது?"

"அதே பானை, அதே சோமாசி. ராயருக்கு எரிகிறது, தங்களுக்கு எரியவில்லை. சோறு ஒன்றுதான் மகாராஜா. சாப்பிட்ட நேரமும் அளவும் படுத்த விதமும்தான் வேறு."

ராஜா அமைச்சர் பக்கம் திரும்பினான். "நல்லதம்பி, உண்மையைச் சொல்லும். அந்த நீதிபதி வழக்கம் எந்தக் காலத்தது?"

"தாத்தா காலத்தது என்று மகாராஜாதான் சொன்னீர்கள்."

ராஜா வெடித்துச் சிரித்தான். பிறகு வெட்கத்தோடு சோமாசியை அழைத்துத் தன் முத்துமாலையை அவன் கழுத்தில் போட்டான். "நல்லதம்பி, உமக்கு என்ன வேண்டும்?"

"அந்த முரசு வேண்டும், மகாராஜா. அதை ராயரிடம் கொடுக்க வேண்டும். இனி ஏப்பத்துக்குக் காத்திருக்க வேண்டாம். தங்கள் வயிற்றில் கொஞ்சம் இடம் இருக்கும்போதே அவர் அடிக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்! புகழ்ந்த வாய்க்கு ஓய்வு. அடிக்கத் தவறினால் ராயரே, மறுபடி ஊஞ்சல்தான்!"

அன்று மாலை ராஜா இன்னோர் அதிரசத்துக்குக் கையை நீட்டினான். கோட்டை வாசலிலிருந்து கொண்டுவந்த முரசோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராயர் கோலை எடுத்தார். ராஜா முறைத்தான். ராயருக்கு ஊஞ்சல் ஞாபகம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓங்கி ஓர் அடி அடித்தார்.

ஊரெங்கும் இலை விரித்தார்கள். நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்ட ராஜா, "எழுந்திரும் ராயரே, நடந்துவிட்டு வரலாம்" என்றான்.