மூச்சைப் பிடித்தவர்

"கை நடுங்குது டீச்சர். லென்ஸ் மாத்தியும் படம் சரியா வரல" என்றார் தணிகாசலம்.

எழுபது வயதில் போட்டோ எடுக்கக் கற்க வந்தவர்.

கற்றுக்கொடுக்கும் தாமரைச்செல்விக்கு முப்பதுதான். இருட்டு மண்டபங்களை ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்துப் பேர் வாங்கியவள். அதிகம் பேசமாட்டாள்.

தணிகாசலத்துக்கு ஒரே ஒரு படம் வேண்டும். மனைவி சுலோச்சனாவின் முகம். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து அவளை போபாலுக்கு அழைத்துப் போகிறாள். அங்கே ஒரு ஆளுக்குத்தான் இடம்.

சுலோச்சனாவுக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டது. வெளிச்சம் பட்டால் வலி மட்டும் வரும். வீட்டில் திரைச்சீலை விலகுவதில்லை. ஃப்ளாஷ் பேச்சே கிடையாது.

ஸ்டெபிலைசர் உள்ள லென்ஸ் வாங்கினார். கை ஆடினாலும் படம் ஆடாது என்றான் கடைக்காரன்.

முகம் கலங்கித்தான் வந்தது.

தாமரைச்செல்வி படங்களைப் பார்த்தாள்.

"சுவத்து விரிசல் தெரியுது. தலகாணி உறையில தையல் தெரியுது. கடைக்காரன் பொய் சொல்லல சார்."

"அப்ப முகம் மட்டும் ஏன் இப்படி?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவர் பின்னால் போனார்.

தணிகாசலத்தின் வீட்டில், எப்போதும் எடுப்பதுபோல் எடுக்கச் சொன்னாள்.

முழங்கைகளை விலாவோடு ஒட்டினார். மூச்சைப் பிடித்தார். முதல் நாள் அவளே சொல்லித் தந்ததுதான். அறையில் சத்தமில்லை.

கட்டிலில் உட்கார்ந்திருந்த சுலோச்சனாவின் தலை திரும்பியது. ஜன்னல் பக்கம். வாசல் பக்கம். மறுபடி ஜன்னல் பக்கம்.

அந்த இருட்டில் ஷட்டர் மெதுவாகத்தான் மூடியது; அதுவரை அவள் தலை நிற்கவில்லை.

"மூச்சை விடுங்க" என்றாள் தாமரைச்செல்வி. "கை ஆடினா லென்ஸ் பாத்துக்கும். பேசிக்கிட்டே எடுங்க."

"என்ன பேச?"



யோசித்தார். மாத்திரை. சாப்பாடு. கரண்ட் பில். இந்த வீட்டில் பேச்சு அவ்வளவோடு நின்று வருஷக்கணக்காகிறது.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சுலோ. ஞாயித்துக்கிழமை நான் ஸ்டேஷனுக்கு வரல. வந்தா என்னால தனியா வீடு திரும்ப முடியாது."

குரலும் கையும் சேர்ந்து ஆடின.

தலை நின்றது. முகம் அவர் பக்கம் அசையாமல் இருந்தது.

அழுத்தினார்.

தாமரைச்செல்வி கேமராவை வாங்கிப் பார்த்தாள். இமை முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நாள் எங்க போயிருந்தீங்க?" என்றாள் சுலோச்சனா.