வெள்ளிச் சிமிழில் இல்லாதவை

கொன்றையூர் அரசவையில் நாலு பேரைச் சிரிக்கவைத்துப் பிழைத்தவள் நான். பெயர் அஞ்சுகம். பெயரில் இருந்த கிளி எப்போதோ பறந்துவிட்டது. மூக்கு மட்டும் மிச்சம். அறுபதை நெருங்கும் வயதில் அந்த மூக்குக்கு இருபுறமும் கொஞ்சம் அழகு வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. ஆகவே, சாந்தப்பரின் களிம்பை ஊரில் முதலில் வாங்கிய புத்திசாலி நான்தான்.

சாந்தப்பர் கடல் கடந்து வந்த வணிகர். வெள்ளிச் சிமிழைத் திறக்குமுன் கண்ணை மூடிக்கொள்வார்.

"இதில் பாதரசம் இல்லை. ஈயம் இல்லை. சுண்ணாம்பு இல்லை. முழுக்க முழுக்கக் காடு."

கேட்கும்போதே குளிர்ந்தது. கவிதை மாதிரி இருந்தது. கவிதைக்கு மயங்குவது என் பழைய நோய். வீட்டுக்குப் போய் அழுந்தப் பூசிக்கொண்டேன்.

மறுநாள் கன்னம் இரண்டும் பணியாரமாக உப்பியிருந்தன. அப்படியே அவைக்குப் போனேன்.

"இன்றைக்கு என்ன வேடம், அஞ்சுகம்?" என்றார் அரசர்.

"வேடமில்லை, மகாராஜா. அழகு."

அவை சிரித்தது. சாந்தப்பர் மட்டும் பரிவோடு தலையசைத்தார். "பயப்படாதீர்கள், அம்மா. உள்ளே தங்கியிருந்த விஷம் வெளியேறுகிறது. எரிய எரியச் சுத்தம்."

"நாக்கில் இருந்த விஷமாக இருக்கும்," என்றார் அமைச்சர்.

நானும் சிரித்தேன். சிரித்தால் தோல் இழுத்தது.

சிரிப்பு அடங்கியதும் அரசர் அறிவித்தார்: நாளை இளவரசி செண்பகவல்லியின் கல்யாண நலங்குக்கு இந்தச் சாந்துதான். வேண்டாம் என்று சொல்லிப்பார்த்தேன். "கிழவிக்குப் பொறாமை" என்றார்.

வாசலில் செண்பகவல்லி என் கையைப் பிடித்தாள். மாப்பிள்ளை இன்னும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

"அத்தை, ரொம்ப எரியுமா?"

எரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பி அரசரிடம் போனேன்.

"மகாராஜா, பொறாமையை விட்டுவிட்டேன். சாந்து தருகிற பெரிய மனிதரை நலங்கு மணையில் உட்காரவைக்க வேண்டாமா? நம் முறையாயிற்றே."

"உட்காரவைப்போம்," என்றார். சாந்தப்பர் பூரித்துப்போனார். வெளியூர்க்காரர், பாவம். எங்கள் ஊர் முறை அவருக்குத் தெரியாது. சாந்து கொண்டுவருகிறவர் தாய்மாமன் ஸ்தானத்தில் உட்காருவார். மணப்பெண் முதலில் அவர் கன்னத்தில் பூசுவாள். அதன்பிறகுதான் மற்றவர்கள் அவளுக்குப் பூசுவார்கள்.

மறுநாள் சாந்தப்பர் பட்டுடுத்தி மணையில் உட்கார்ந்தார். முறையை அரசரே சொன்னார். தலையாட்டிய சாந்தப்பர், செண்பகவல்லி கையிலிருந்த மண்கிண்ணத்தைப் பார்த்ததும் நெளிந்தார்.

"இது என்ன?"

"சாந்து," என்றேன். "பாதரசம் இல்லை. ஈயம் இல்லை. சுண்ணாம்பு இல்லை. முழுக்க முழுக்கக் காடு."

"அது சரி, அம்மா. உள்ளே என்ன இருக்கிறது?"

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கேள்வியை எங்கள் அவையில் அதுவரை யாரும் கேட்டதில்லை. படித்தவள் என்று பெயரெடுத்த நானும் கேட்டதில்லை.

"எதெல்லாம் இல்லை என்று சொன்னேனே, போதாதா?"

"எப்படிப் போதும்? பூசப்போவது முகத்தில். எதையோ குழைத்துக் கொண்டுவந்து..."

"கிண்ணம் மட்டும்தான் என்னுடையது. குழைத்தவர் நீங்கள். காலையில் உங்கள் சிமிழிலிருந்து வழித்தெடுத்தேன்."

செண்பகவல்லி விரலில் தொட்டு நீட்டினாள். "பூசட்டுமா, மாமா?"

சாந்தப்பரின் தலை பின்னால் போயிற்று. தூண் தடுத்தது.

"எனக்குக் கொஞ்சம் மென்மையான தோல், தாயே."

"என் மகளுக்கு மட்டும் எருமைத் தோலா?" என்றார் அரசர். "கேட்டீரே, நீரே சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது?"

"சந்தனம். மஞ்சள். கொஞ்சம் பால்."

"எந்தப் பால்?"

"எருக்கம்பால், மகாராஜா." குரல் தேய்ந்தது. "சுறுசுறுவென்று எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று ஜனங்கள் நம்புகிறார்கள். ஆனால் பாதரசம் சத்தியமாக இல்லை."

இல்லைதான். அந்த மனிதர் இல்லாததைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அன்று மாலைக்குள் அவர் ஊர் எல்லையைத் தாண்டியிருந்தார். செண்பகவல்லிக்கு வெறும் சந்தனத்தில் நலங்கு வைத்தோம். அரசர் என்னை அழைத்தார். என் கன்னங்களைப் பார்க்காமல் பேசினார்.

"உன்னைப் பொறாமைக்காரி என்றேன். என்ன வேண்டும், கேள்."

"அந்த வெள்ளிச் சிமிழ். நன்றாகக் கழுவிக் கொடுங்கள்."

"காலிச் சிமிழா? எதற்கு?"

"இப்போதுதானே மகாராஜா, அதில் கெடுதல் எதுவுமே இல்லை."

அரசர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

சிமிழ் என் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தினமும் காலையில் திறந்து, உள்ளே இருப்பதை முகத்தில் பூசிக்கொள்கிறேன். இந்த மூக்குக்கு அதுதான் ஒத்துக்கொள்கிறது.