குமரிக்கு எத்தனை வயது?

முன்னொரு காலத்தில் சேந்தவழுதி என்றொரு ராஜா பாலூர் நாட்டை ஆண்டுவந்தான். ஒரு மாதம் கிளி வளர்ப்பான். மறுமாதம் மல்யுத்தம் பழகுவான். அந்த ஆடி மாதத்தில் அவனுக்குச் சொற்களின் பூர்வீகம் தேடும் பித்துப் பிடித்திருந்தது.

பாலூர் ஏரிக்கு மேலமடை, கீழமடை என்று இரண்டு மடைகள். ஆற்று வெள்ளம் வந்து ஏரி நிறைந்ததும், ஊர்க் குமரி ஒருத்தி முதல் குடம் நீர் மொண்டு ஏதாவது ஒரு மடையில் ஊற்றுவாள். அந்த மடையைத்தான் முதலில் திறப்பார்கள். பதினெட்டு வருஷமாக அந்தக் குடம் செம்பாயியிடம் இருந்தது. வயது முப்பத்தாறு. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். எந்தப் பக்கத்து நிலம் அதிகம் காய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஊற்றுவாள்.

அவைப் புலவர் தாண்டவருக்கு அது பொறுக்கவில்லை. அவருக்குப் பன்னிரண்டு வயதில் அக்காள் மகள் ஒருத்தி இருந்தாள். மாமன் பேச்சைத் தட்டாதவள்.

ராஜா கேட்டான்: "புலவரே, குமரி என்றால் யார்?"

"மகாராஜா, ஏட்டில் பெண்ணுக்கு ஏழு பருவம். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். மங்கையோடு குமரி முடிந்தாள். அதாவது பதின்மூன்று வயது. செம்பாயியோ பேரிளம்பெண்! குடத்தை என் அக்காள் மகளிடம் கொடுப்பதே முறை."

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

செம்பாயி குடத்தோடு சபைக்கு வந்தாள்.

"குடுத்துடுறேன் சாமி. ஆனா எனக்கு மட்டும் வயசு அளந்தா ஊர் ஒத்துக்காது. சபையில உள்ள பொம்பளைங்க எல்லாருக்கும் புலவர் ஐயா பேர் சொல்லட்டும். அரசியம்மாகிட்ட இருந்தே ஆரம்பிக்கட்டும்."

அரசியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லும் புலவரே. எனக்கு நாற்பத்திரண்டு. நான் யார்?"

பேரிளம்பெண் நாற்பதோடு முடிந்துவிடுவாள். புலவர் ஓலையை முன்னும் பின்னும் புரட்டினார்.

"தாயே... அதற்கப்புறம் ஏட்டில்... செல் அரித்துவிட்டது."

"செல் அரித்ததா? எழுதியவனுக்கு அதற்கப்புறம் பெண்ணே கண்ணில் படவில்லையா?"

ராஜா சிரிப்பை மீசைக்குள் அடக்கினான். "செம்பாயி, நீ சொல். குமரி என்ற சொல் எங்கே பிறந்தது?"

"சொல்லு எங்க பொறந்துச்சோ, எனக்குத் தெரியாது சாமி. குடம் ஏன் குமரிகிட்ட வந்துச்சுன்னு தெரியும். கட்டிக்கிட்டுப் போனவளுக்குப் புருஷன் நிலம் ஒரு மடையில இருக்கும். கை அந்தப் பக்கமே சாயும். அதான் ஒரு மடைக்கும் சொந்தமில்லாதவளை ஊர் தேடுச்சு."

"உன் அப்பன் நிலம்?"

"அவர் ஏரியில மீன் பிடிச்சவரு சாமி. அவருக்கு நிலம் ஏது?"

ராஜா மெதுவாகத் திரும்பினான். "உம்முடைய நிலம் எந்த மடை, புலவரே?"

"மேலமடை... ஓரமாக... கொஞ்சம்தான்..."

"எவ்வளவு கொஞ்சம்?"

"நாற்பது காணி."

சபை குலுங்கிச் சிரித்தது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் செம்பாயியிடம் கொடுத்தான். "நீ வேண்டாமென்று சொல்லும் வரை குடம் உன்னுடையது" என்றான்.

அன்று மாலையே ஏரி நிறைந்தது; அந்த வருஷம் அதிகம் காய்ந்திருந்த கீழமடைப் பக்கம் அவள் நீரை ஊற்றினாள்.

புலவருக்கும் ஒரு வேலை கொடுத்தான் ராஜா: நாற்பதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு எட்டாவதாக ஒரு பெயர் கண்டுபிடிக்க வேண்டும், அரசியாருக்கு அது பிடிக்க வேண்டும், அதுவரை சபையில் புலவருக்கு ஆசனம் கிடையாது.

பாவம், தாண்டவப் புலவர் கடைசிவரை நின்றுகொண்டேதான் இருந்தாராம்.