வாயில் உண்ட மணிப்புறா

இக்கதை, தை அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட வந்த சங்கிலிக் கோனாரிடம் கேட்டது. கேட்டு முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பின்னர் இதையே வேறு இருவர் சொல்லவும் கேட்டதுண்டு. கோனார் சொன்ன வரிசையே இங்கே பின்பற்றப்படுகிறது. மற்றவர்கள் விலகிச் செல்வதை அதற்குரிய இடத்தில் குறிப்போம். பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள்.

மலைகளுக்கெல்லாம் மனிதர் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம். அந்தக் காலத்தில் ஒரு மலைச்சரிவில் கோடன் என்றொரு வேடன் இருந்தான். பறவை பிடிப்பது அவன் தொழில். சிறகோசையைக் கேட்டுக் காடையா கௌதாரியா என்பான். எச்சத்தைப் பார்த்து எந்த மரத்தில் அடைகிறது என்பான். தரையில் ஓடும் நிழலைப் பார்த்து எவ்வளவு உயரத்தில் போகிறது என்பான். பறவையைப் பற்றி அவன் அறியாதது ஒன்றுமில்லை என்று ஊர் சொன்னது. அவனும் அதை நம்பினான்.

அந்த மலைக்கு ஒரு தலைவன் உண்டு. மூன்று நிலவு கழித்துத் தன் மகளுக்கு மணம் என்றும், விருந்துக்கு மூன்று கூடை புறா வேண்டும் என்றும் அவன் ஆள் அனுப்பினான். கூடைகள் நிறைந்து வந்தால் அவன் வேட்டையாடும் சரிவும் குடிசையும் முன்போலக் கோடனுக்கே. வராவிட்டால் சரிவு வேறொரு வேடனுக்கு. வந்த ஆள் இவ்வளவும் சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அன்று மாலை காற்றும் மழையும் மரங்களை முறித்துப்போட்டன. மழை விட்டதும் சுள்ளி பொறுக்கப் போன கோடனின் மனைவி வேம்பி, விழுந்து கிடந்த கிளையடியில் ஒரு மணிப்புறாக் குஞ்சைக் கண்டாள். தாயைக் காணவில்லை. கண் திறக்காத தலை, மஞ்சள் மயிர் ஒட்டிய உடம்பு, அந்த உடம்புக்குச் சற்றும் பொருந்தாத பெரிய அலகு. மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

கோடன் அதைக் கையில் வாங்கினான். பழகிய விரல்கள் கழுத்தைத்தான் முதலில் தேடின. அப்போது வேடர் வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. வலைக்கு அருகே பழகிய பறவை ஒன்றைக் கட்டிவைப்பார்கள். அது கூவும், கூவலை நம்பிக் காட்டுப் பறவைகள் இறங்கும், வலை விழும். அதைப் பார்வைப் பறவை என்பார்கள். கண் திறக்குமுன் எடுத்துக் கையால் வளர்த்ததைப் போன்ற பார்வைப் பறவை வேறில்லை.

“சாகவிடாதே புள்ளே. இது ஒன்று கூவினால் மூன்று கூடையும் நிறையும்,” என்றான்.

சாகாமலிருக்க அது தின்ன வேண்டுமே! மைனாக் குஞ்சுக்குக் காட்டுவது போலக் கறையானைத் தலைக்குமேல் காட்டினான். அது வாயைத் திறக்கவில்லை. புல்நுனியில் கஞ்சியைத் தொட்டு அலகில் வைத்தான். கஞ்சி கழுத்து வழியே ஒழுகியது. அலகை நகத்தால் பிளந்து ஊற்றினான். அது புரையேறிச் சாகப் பார்த்தது.

இருபது ஆண்டு பறவை பிடித்தவருக்கு ஒரு குஞ்சு எப்படித் தின்னும் என்று தெரியவில்லையே என்று வேம்பி வியந்தாள். பிடிக்கிறவனுக்கு ஊட்டத் தெரிய வேண்டுமோ என்று அவன் முறைத்தான். வேண்டாம் வேண்டாம், நீர் பிடித்தது ஒன்றும் பசிக்கிறது என்று உம்மிடம் சொல்லியிருக்காதே என்றாள் அவள்.

சொன்னவள் குஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவன் விரலிடுக்கில் அலகை நுழைத்து நுழைத்து முட்டிக்கொண்டிருந்தது.

“மாமா, இது வாயைத் திறந்து வாங்குகிற குஞ்சு இல்லை. வாய்க்குள்ளே போய்த் தின்கிற குஞ்சு.”

தினையை மென்று இதழிடுக்கில் வைத்து அவளே காட்டினாள். வெற்றிலையும் சுண்ணாம்பும் ஊறிய வாய் அது. குஞ்சு தலையை உதறிக்கொண்டது. கோடன் வெற்றிலை போடாதவன். பறவைக்கு வாடை தெரியும் என்று வேடர் வெற்றிலை தொடுவதில்லை. ஆகவே அவனே தினையை மென்றான், கூழாக மென்றான், குனிந்து இதழைச் சற்றே திறந்தான்.

குஞ்சு அவன் கடைவாயில் அலகை அடிவரை செலுத்தியது. உடம்பெல்லாம் நடுங்க, முளைக்காத சிறகுகள் துடிக்க, உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தது. பட்டாணி அளவு இதயம் ஒன்று தன் உதட்டோரத்தில் அடித்துக்கொள்வதைக் கோடன் உணர்ந்தான். எத்தனையோ இதயங்கள் அவன் கைக்குள் அப்படி அடித்துக்கொண்டதுண்டு. அவை எல்லாம் தப்பிப்போக அடித்துக்கொண்டவை. இது உள்ளே வர அடித்துக்கொண்டது. மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று அவன் மூச்சையும் அடக்கிக்கொண்டிருந்தான். வேம்பி இரண்டுமுறை கூப்பிட்டும் அவனுக்குக் கேட்கவில்லை.

காலையில் ஊட்டினான், உச்சியில் ஊட்டினான், மாலையில் ஊட்டினான். கண் திறந்தபோது அது முதலில் கண்டது அவன் முகம். அவன் அவிழ்த்துவைத்த தலைப்பாகைக்குள் உறங்கியது. அவன் வெளியே போனால் வாசலைப் பார்த்து அமர்ந்திருந்தது. மற்ற வேடர்கள், கோடனுக்கு எப்போது முட்டை வைக்கும் காலம் என்று வேம்பியிடம் விசாரித்தார்கள். இறகு வந்தது, கழுத்தில் மணிப்புள்ளி வந்தது, மூன்றாம் நிலவில் குரலும் வந்தது.

குரல் வந்த அன்று கோடன் வலையை எடுத்து உதறினான்.

“உம் வாயில் தின்றதை உம் வலையில் கட்டுவீரா மாமா?” என்று வேம்பி கேட்டாள்.

“பின்னே எதற்கு ஊட்டினேன்?”

“எதற்கென்று உமக்குத் தெரியும். அதற்குத் தெரியாது.”

சரிவு போனால் எங்கே போவது என்று அவன் கேட்டான்.

முதல் நாள், புறாவின் காலில் நூல் கட்டி முளையில் பிணைத்து, தழைமறைப்பின் பின்னே ஒளிந்தான். அது கூவவில்லை; நூல் எட்டும்வரை மறைப்பை நோக்கி நடந்துவந்து அங்கேயே அமர்ந்துகொண்டது. இரண்டாம் நாள் மறைப்பைத் தள்ளி அமைத்தான். அது அந்தப் பக்கம் திரும்பி அமர்ந்துகொண்டது. மூன்றாம் நாள், வலைக்கயிற்றை நீளமாக விட்டு, காற்றுக்கு எதிரே உயர்ந்த மரமொன்றில் ஏறி இலைக்குள் மறைந்தான்.

அவனைக் காணாத புறா கூவியது. விட்டு விட்டுக் கூவவில்லை, விடாமல் கூவியது. மலை முழுதும் கேட்டது. ஒன்று இறங்கியது, மூன்று இறங்கின, பிறகு மரங்களே இலையுதிர்த்தாற்போல் புறாக்கள் வந்து இறங்கின. அத்தனை புறா அம்மலையில் உண்டென்று கோடனுக்கே தெரியாது. மூன்று கூடை நிறைந்து மிஞ்சும். அவன் கயிற்றை இழுத்தான். வலை விழுந்தது.

இறங்கி அருகே போனான். அவன் அடியோசைக்கு அஞ்சி, புறாக்கள் எல்லாம் வலையின் அந்தக் கோடிக்கு மோதிக்கொண்டு ஓடின. ஒன்று மட்டும் அவற்றின் நடுவே எதிராக நடந்துவந்தது. நூல் எட்டும்வரை வந்தது. வலைக்கண்ணில் அலகை நீட்டி, சிறகுகள் நடுங்க, அவன் வாயைத் தேடியது.

கோடன் மண்ணில் மண்டியிட்டான். காலை முழுதும் அது பறவைகளைக் கூவி அழைக்கவில்லை, அவனைத்தான் கூவி அழைத்திருக்கிறது என்று அப்போது தெரிந்தது. பிள்ளை தாயை அழைத்த குரலுக்கு ஒரு மலையே இரங்கி இறங்கி வந்திருக்கிறது. அந்தக் குரலுக்கு உரியவனோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தில் இருந்திருக்கிறான்.

அவன் வலையின் ஓரத்தைத் தூக்கினான். மலைப்புறாக்கள் ஒரே வீச்சில் எழுந்தன. அந்தக் காற்றில் அவன் தலைப்பாகை அவிழ்ந்து விழுந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். அது பறக்கவில்லை, தோளில் ஏறிக்கொண்டது.

வெறுங்கூடை மூன்றையும் சுமந்து தலைவனிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவையினர் சிரித்தார்கள். தலைவன் சிரிக்கவில்லை. அவன் கொடியவன் அல்லன், கணக்காக யோசிப்பவன். புறா பிடிக்க உனக்கு மனமில்லாவிட்டால் வேண்டாம், அந்த ஒன்றை மட்டும் கொடு, என் ஆட்கள் அதை வைத்துக் கூடையை நிரப்பிக்கொள்வார்கள், சரிவு உனக்கே இருக்கட்டும் என்றான். அவையில் பலருக்கும் அது நியாயமாகவே பட்டது.

கோடன் தோளிலிருந்த புறாவைக் கையால் அணைத்துக்கொண்டான்.

“ஐயா, இது என் வாய்க்குள் தலைவைத்துத் தின்றது. இதைக் கொடுத்துவிட்டு அந்த வாயால் நான் எப்படிச் சோறு தின்பேன்?” என்றான்.

அன்றே சரிவு கைமாறியது. அவன் திரும்பி வந்தபோது வேம்பி அவன் தோளைப் பார்த்தாள், பானையை இறக்கித் துணியில் கட்டினாள். மலைக்கு அப்பால் பிறர் கொல்லையில் தினை காத்துப் பிழைத்தார்கள். கிளி விரட்டும் வேலைதான். கவணில் கல் வைக்காமல் வாயால் கத்தியே விரட்டினான் கோடன். அடுத்த ஆண்டு புறா துணை தேடிக்கொண்டு பறந்துபோயிற்று.

மற்ற இருவரில் ஒருவர், தலைவன் மனம் உருகிச் சரிவைத் திருப்பித் தந்தான் என்பார். இன்னொருவர், மலைப்புறாக்கள் எல்லாம் கோடன் பின்னே போய்விட்டன, அந்த மலையில் இன்றும் புறா கூவுவதில்லை என்பார். இரண்டையும் கோனாரிடம் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. சரிவு திரும்பக் கிடைத்திருந்தால் கோடன் கொடுத்தது என்ன என்று கேட்டார்.

தன்னை நம்பி வளர்ந்த உயிரைப் பிற உயிர்களுக்குக் கண்ணியாக்கி வாழ்வதைவிட, அதைக் காத்து உள்ளதெல்லாம் இழப்பதே மேலானது.